மந்த காலத்தில் ஆல்பத்தின் விலை

ஹைதராபாத் நகரின் தென்கிழக்கில், சந்தோஷ்நகரை அடுத்து, காஞ்சன்பாக் என்றொரு பகுதி உண்டு. பொற்சோலை என்பது அப்பெயரின் பொருள். பொன் அங்கே விளைவதில்லை. ஆயினும் பொன்னைக் காட்டிலும் அரிய உலோகக் கலவைகள் அங்கே உருவாகின்றன. 1970-இல் தோன்றிய பாரத் டைனமிக்ஸ், 1973-இல் தோன்றிய மிச்ர தாது நிகம், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் உலோகவியல் கூடம், ஏவுகணைக் கூடம் ஆகியன ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருக்கும் இடம் அது. ஏவுகணைக் கூடத்திற்கு 1982-இல் தலைமையேற்க வந்தவர் இராமேசுவரத்து அப்துல் கலாம் என்பதை நேயர்கள் அறிவார்கள். அவரைப் போலப் புகழ் பெறாவிடினும், கடைசல் இயந்திரத்திலும் கணக்குப் பிரிவிலும் உழைத்து ஓய்வு பெற்ற தமிழர் பலர் அங்கே நிலைத்து வாழ்ந்து வருகின்றனர்.

அத்தகைய குடும்பமொன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, தடித்த ஆல்பங்கள் நான்கையும் ஒரு தகரப் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அவருடைய கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. முப்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகங்களுக்கிடையே குனிந்து தேடித் தேடி அவர் சேர்த்த தபால் தலைகள் ஆல்பங்களில் இருந்தன. நிஜாம் காலத்து நாணயங்கள் பெட்டியில் இருந்தன. மகன் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர். ஊரடங்கு தொடங்கிய மார்ச்சு மாத இறுதியிலிருந்து சம்பளம் இல்லை. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீங்கள் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர். இந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, எல்லாம் சேர்ந்து எவ்வளவு பெறும் என்று சொல்லுங்கள். இது தங்கத்துக்குச் சமம், ஒரு நாளும் கைவிடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்" என்றார் அம்மையார்.

இங்கிலீஷ் புத்தகம் என்று அவர் குறித்தது, லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தாரின் தபால் தலை விலைப் பட்டியலின் பழைய பதிப்பு. இரண்டு இரவுகள் அமர்ந்து நாம் கூட்டிப் பார்த்தோம். தொகை மிகப் பெரிதாக வந்தது. மூன்றாம் நாள், தொழிலில் பழகிய ஒரு வியாபாரியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, அத்தொகையில் ஏழில் ஒரு பங்குக்குத்தான் அவர் இசைந்தார். அதுவும், "இப்போது வேண்டாம், ஆறு மாதம் போகட்டும்" என்ற நிபந்தனையோடு. தங்கத்துக்குச் சமம் என்று ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் நம்பிய பொருள் ஏழில் ஒரு பங்காக ஏன் சுருங்கியது, அந்தச் சுருக்கத்தில் பொருளாதார மந்தத்தின் பங்கு எவ்வளவு என்னும் கேள்விகளுக்கு விடை தேடியதில் விளைந்ததே இவ்வுரை.

முதலில் பட்டியல் விலை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பட்டியலில் அச்சிட்டிருப்பது, குறையற்ற நிலையிலுள்ள ஒரு பிரதியை அந்நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு விற்கும் விலை. நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் நமக்குக் கிடைக்கும் விலையன்று. வியாபாரிக்குக் கடை வாடகை உண்டு. வாங்கிய சரக்கு பல ஆண்டுகள் விற்காமற் கிடக்கும் இடர் உண்டு. நூறு தலைகளை மொத்தமாக எடுத்தால் அவற்றுள் பத்தே நல்லவையாக இருக்கும். ஆகவே நல்ல காலத்திலும் பட்டியல் விலைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் நடுவே ஓர் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மந்த காலத்தில் அந்த ஆறு அகன்றுவிடுகிறது, படகும் நின்றுவிடுகிறது.

படகு நின்றுவிடுகிறது என்று சொன்னது அலங்காரத்திற்காக அன்று. அரிசியின் விலை இறங்கினால் மறுநாளே கடைப் பலகையில் தெரியும். சேகரப் பொருள்களின் சந்தையோ வேறு விதமானது. வருமானம் குறைந்ததும் மக்கள் முதலில் கைவிடுவது இத்தகைய விருப்பச் செலவைத்தான். வாங்குவோர் விலகிக்கொள்கின்றனர். விற்போரும், வாங்கிய விலைக்குக் கீழே கொடுக்க மனமின்றிப் பொருளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகின்றனர். விளைவாக, விலை இறங்கியதாக எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை, விற்பனையே நின்றுபோகிறது. உடனே பணம் வேண்டிய ஒருவர், கல்விக் கட்டணத்திற்காகவோ மருத்துவச் செலவிற்காகவோ அவசரப்பட்டு விற்க வரும்போதுதான் உண்மையான விலை வெளிப்படுகிறது. மந்தத்தின் முழுச் சுமையும் இவ்வாறு அவசரக்காரரின் தோளிலேயே விழுகிறது.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நம் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறக்குறைய 24 சதவீதம் சுருங்கியது. அபிட்ஸின் ஞாயிறு நடைபாதைக் கடைகள் இல்லை, பொருட்காட்சிகள் இல்லை, நாணயச் சங்கங்களின் கூட்டங்களும் இல்லை. கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கையோடு பணம் எண்ணிக் கொடுக்கும் வழக்கமுள்ள ஒரு தொழில் இது. 2016 நவம்பர் 8-ஆம் நாள் 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோதே ரொக்கத்தை நம்பிய இத்தொழில் திகைத்து நின்றது. நான்கு ஆண்டுகளுக்குள் மற்றோர் அடி.

வியப்பு என்னவெனில், அதே 2020-ஆம் ஆண்டில், அதே நோய்த்தொற்றுக் காலத்தில், அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்நாட்டில் தபால் தலையினும் பெரிதாக மதிக்கப்படும் சேகரப் பொருள், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டைகள். சிகரெட்டுப் பெட்டி நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே ஓர் அட்டையைச் செருகிய புகையிலைக் கம்பெனிகள், வெற்று அட்டைக்குப் பதிலாகப் படம் அச்சிட்டால் வியாபாரம் பெருகும் எனக் கண்டுகொண்டன. பிற்காலத்தில் சூயிங்கம் கம்பெனிகள் அவ்வழக்கத்தை மேற்கொண்டன. நம் ஊர்களில் 1990-களில் பபிள்கம் வாங்கிக் கிரிக்கெட்டு வீரர் படம் சேர்த்த தலைமுறையினருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அத்தகைய அட்டைகளுள் ஒன்று, மிக்கி மேன்டில் என்னும் வீரரின் படம் பொறித்து 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்டது, 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அவ்வெளியீட்டின் வேறொரு பிரதி 2022 ஆகஸ்டில் 126 லட்சம் டாலரை எட்டியது.

ஒரே உலக மந்தம்; காஞ்சன்பாக்கில் ஆல்பத்தை வாங்க ஆளில்லை, அமெரிக்காவில் அட்டைக்கு அடிதடி. காரணம் என்ன? மந்தம் என்னும் ஒரே சொல்லால் நாம் குறிப்பது பல வேறு நிலைமைகளை. அமெரிக்க அரசு 2020-இல் குடிமக்களுக்கு நேரே காசோலை அனுப்பிற்று. வட்டி வீதம் ஏறக்குறைய பூஜ்யத்திற்கு இறக்கப்பட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த வசதியுள்ளோருக்கு வருமானம் குன்றவில்லை. செலவு செய்யும் வழிகளோ அடைபட்டுப் போயின. வங்கியில் போட்டால் வட்டியில்லாத பணம் எங்கே செல்லும்? இளமையில் கைக்கெட்டாதிருந்த அட்டையின் மீது சென்றது. வாங்குவதும் விற்பதும் முன்பே கணினி வழி நடந்துவந்தமையால் கடையடைப்பும் தடையாகவில்லை. இங்கே ஆல்பத்தை வாங்கக்கூடியவர்கள் யார்? சிறு வியாபாரிகள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், ஆசிரியர்கள். அவர்களுடைய கை இறுகிவிட்டது. எனவே மந்தம் வந்ததா என்று கேட்பதைவிட, மந்தத்தில் யாருடைய வருமானம் குறைந்தது, பொருளை விரும்புகிறவனுடையதா பிறருடையதா என்று கேட்பதே பொருத்தம்.

வட்டி வீதத்தைக் குறிப்பிட்டோம். அதனைச் சற்று நின்று கவனித்தல் தகும். 1970-களில் உலகெங்கும் விலைவாசி ஏறி, பணத்தின் மதிப்புக் கரைந்துகொண்டிருந்தது. அப்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தபால் தலைகளைச் சேகரம் என்று கருதாமல் முதலீடு என்று கருதி வாங்கிக் குவித்தனர். 1980-ஐ ஒட்டி வட்டி வீதங்கள் கடுமையாக உயர்த்தப்பட்டதும், அக்குமிழி உடைந்தது. தபால் தலைச் சந்தை அதனின்று மீள நெடுங்காலம் ஆயிற்று. வெள்ளியின் கதையும் அவ்வாண்டினதே. 1980 ஜனவரியில் அவுன்சுக்கு ஏறக்குறைய 50 டாலரை எட்டிய வெள்ளி, மார்ச்சு 27-ஆம் நாள் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. தபால் தலைக்கும் நாணயத்திற்கும் வட்டி இல்லை, பங்காதாயம் இல்லை, வாடகை இல்லை. பணவீக்கத்தில் அவை மினுங்கும். வட்டி உயரும்போது மங்கும். மந்தம் மட்டும் தனியே வந்து எதையும் தீர்மானிப்பதில்லை. அதனோடு கைகோத்து வருவது பணவீக்கமா வட்டியுயர்வா என்பதைப் பொறுத்தே விலை அமைகிறது.

இனி, எல்லாப் பொருளும் ஒரே விதமாக இறங்குவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1990-91-இல் அமெரிக்காவில் ஒரு மந்தம் நிலவியது. அதன் நடுவில், 1991 மார்ச்சில், ஹோனஸ் வாக்னர் என்னும் பழம்பெரும் ஆட்டக்காரரின் படமுள்ள புகையிலை அட்டை ஒன்றை, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினர். 1909-க்கும் 1911-க்கும் இடையே வெளிவந்த அவ்வட்டையில் இன்று எஞ்சியிருப்பவை சில பத்துகளே. அதே அட்டை 2007-இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறிற்று. வேறொரு பிரதி 2021-இல் 66 லட்சம் டாலரைக் கடந்தது. ஆனால் 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும், முதலீடு என்று சொல்லிக் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள், அவற்றை இன்று இலவசமாகக் கொடுத்தாலும் கொள்வாரில்லை. மந்தம் இவற்றை வீழ்த்தியது என்பது பொருந்தாது. மிகுதியாக அச்சிட்டமை ஏற்கெனவே வீழ்த்தியிருந்தது. மந்தம் அதை அம்பலப்படுத்தியது.

நம் நாட்டுத் தபால் தலைகளிலும் இந்தப் பாகுபாடு உண்டு. 1948 ஆகஸ்டு 15-இல், காந்தியடிகள் மறைந்த ஆண்டிலேயே, சுவிட்சர்லாந்தில் அச்சடித்து நான்கு தலைகள் வெளியிடப்பட்டன. அவற்றுள் 10 ரூபாய்த் தலையில் கவர்னர் ஜெனரலின் அலுவலக உபயோகத்திற்கென்று 'சர்வீஸ்' எனும் சொல்லை மேலே அச்சிட்டவை நூறே. அத்தகைய நான்கு தலைகள் கொண்ட ஒரு துண்டு 2017-இல் லண்டனில் 5 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. அம்மையாரின் ஆல்பத்தில் நிறைந்திருந்தவையோ 1970-க்குப் பின் வந்த நினைவுத் தலைகள். அழகானவை, வரிசை பிசகாமல் ஒட்டப்பட்டவை. ஆனால் பல லட்சக்கணக்கில் அச்சாகி, நாடெங்கும் சேகரிப்போரால் அதே கவனத்துடன் பாதுகாக்கப்பட்டவை. எல்லோரும் பாதுகாக்கும் பொருள் அரிதாவதில்லை. அவற்றின் பெரும்பகுதி முகமதிப்புக்கும் குறைவாகவே மொத்த வியாபாரத்தில் கைமாறுகிறது. 2015 அக்டோபர் 15-இல் அப்துல் கலாமுக்கு வெளியிட்ட தலையை அவர் நான்கு பிரதிகள் வாங்கி வைத்திருந்தார். அதை வியாபார நோக்கத்துடன் வாங்கியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

மிக அரிய பொருளும் எப்போதும் ஏறிக்கொண்டே போகும் என்பதற்கில்லை. உலகில் ஒன்றே ஒன்று எஞ்சியுள்ள, 1856-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தலை, 1970-இல் 2,80,000 டாலருக்கும், 1980-இல் 9,35,000 டாலருக்கும், 2014-இல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கும் விற்றது. 2021-இல் அதற்குக் கிடைத்தது 83 லட்சம். ஏழாண்டு வைத்திருந்தவருக்கு நட்டம். அட்டைகளுக்குப் பொற்காலமாக இருந்த அதே ஆண்டு அது! ஆக, ஒரே காலத்தில் ஒரு சேகரம் ஏற, மற்றொன்று இறங்குகிறது. தபால் தலையை விரும்பிய தலைமுறை முதுமையடைந்துவிட்டது; கடிதம் எழுதும் வழக்கமே அருகிவிட்ட காலத்தில் புதிய தலைமுறை அதன் பக்கம் திரும்புவது குறைவு. இதனை மந்தத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று. மந்தம் நீங்கினால் திரும்பி வரும் விலையும் உண்டு. மந்தம் நீங்கினாலும் வராத விலையும் உண்டு.

தபால் தலைகளைத் தள்ளிவைத்துத் தகரப் பெட்டியைத் திறந்தபோது நம் மனம் சற்றுத் தெளிந்தது. அதில் ஹைதராபாத்து வெள்ளி ரூபாய்கள் இருந்தன. இந்திய சுதேச சமஸ்தானங்களுள் ஹைதராபாத்துக்குத் தனி நாணயம், தனித் தபால் தலை, 1918-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தனித் தாள் பணம் ஆகிய மூன்றும் இருந்தன. அதன் நாணயத்திற்கு ஹாலி சிக்கா என்று பெயர். மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இச்சொல் ஒரு வேடிக்கை. ஹாலி என்றால் நடப்பிலுள்ளது என்று பொருள். நடப்பிலுள்ள நாணயம் என்று பெயர் சூட்டப்பட்ட அது நடப்பொழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. பிரிட்டிஷ் இந்திய ரூபாயை அந்நகரத்தார் கல்தார், அதாவது இயந்திரத்தில் அடித்தது, என்று அழைத்தனர். ஏழு ஹாலி ரூபாய்க்கு ஆறு கல்தார் என்பது கணக்கு.

இந்நாணயங்களில் சார்மினார் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் நடு வாயிலில் ஓர் எழுத்து: மஹ்பூப் அலி கானின் காலத்தில் 'மீம்', 1911-இல் பட்டம் ஏற்ற உஸ்மான் அலி கானின் காலத்தில் 'ஐன்'. உஸ்மானின் தொடக்க ஆண்டுகளில் அந்த 'ஐன்' சிலவற்றில் முழுமையாகவும் சிலவற்றில் குறுகியும் அமைந்தது. அவ்வொரு வளைவைக் கொண்டே விலை மாறும். அம்மையாரின் கணவர் ஒவ்வொரு நாணயத்தையும் காகித உறையிலிட்டு, அதன் மேல் தமிழில் 'முழு ஐன்', 'அரை ஐன்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்த எழுத்தைப் பார்த்த பிறகே, அவர் வெறும் பொழுதுபோக்காகச் சேர்த்தவர் அல்லர் என்பதை உணர்ந்தோம்.

வெள்ளி நாணயத்திற்குத் தபால் தலைக்கு இல்லாத ஓர் ஆதாரம் உண்டு. கொள்வார் எவருமில்லாவிடினும் உலோகத்தின் விலை இருக்கும். பழைய பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம் எடையும், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளியும் கொண்டது. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, 1946-47-இல் நிக்கல் மட்டுமே ஆயிற்று. ஹாலி ரூபாய் ஏறக்குறைய 11.2 கிராம் எடை. வெள்ளி நூற்றுக்கு 82 பங்கு அளவு. 2020 ஆகஸ்டில் வெள்ளி கிலோ ரூ.70,000-ஐத் தாண்டியிருந்தது. அக்கணக்கில் ஒரு ஹாலி ரூபாயின் உலோகம் மட்டும் ரூ.640 பெறும். மந்தம் கண்டு அஞ்சிய பணம் பொன்னையும் வெள்ளியையும் நாடியதால், ஆல்பத்தின் விலை படுத்துவிட்ட அதே மாதத்தில் பெட்டியின் விலை எழுந்து நின்றது.

இதில் ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. உலோக விலை ஏறும்போது, சேகர மதிப்புள்ள நாணயமும் உருக்குச் சட்டிக்குள் போய்விடும். 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் நாணய முறையைக் கைவிட்ட பின், பெருமந்தத்தில் விளைபொருளுக்கு விலையின்றித் தவித்த நம் குடியானவர்கள் வீட்டுப் பொன்னையெல்லாம் விற்றனர். கப்பல் கப்பலாகப் பொன் வெளியேறியது. அந்தப் பொன்னோடு எத்தனை பழங்காசுகள் உருகினவோ! ஒரு மந்தத்தில் தப்பிய பொருளே அடுத்த தலைமுறையில் அரிய பொருளாகிறது. அமெரிக்காவில் அதே பெருமந்தத்தின் ஆழத்தில், 1933-இல், கௌடி என்னும் சூயிங்கம் கம்பெனி ஒரு சென்டுக்கு விற்ற பேஸ்பால் அட்டைகள் இன்று பெரிதும் தேடப்படுகின்றன. 240 அட்டைகள் கொண்ட அவ்வரிசையில் 106-ஆம் எண்ணைக் கம்பெனி வெளியிடவேயில்லை. குழந்தைகள் அதைத் தேடித் தேடிக் கம் வாங்கினர். கேட்டு எழுதியவர்களுக்கு மறு ஆண்டுதான் அச்சிட்டு அனுப்பியது. பஞ்ச காலத்திலும் வியாபாரத் தந்திரத்திற்குப் பஞ்சமில்லை.

ஹைதராபாத்தின் படத் தபால் தலைகளும் 1931-இல் தொடங்கி வந்தவை: சார்மினார், உயர் நீதிமன்றம், உஸ்மான் சாகர் ஏரி, அஜந்தா குகை வாயில். அச்சமஸ்தானத்தின் முதல் தலை 1869-இல் வந்தது. 1950-இல் இந்தியத் தலைகள் அவற்றின் இடத்தை ஏற்றன. முடிந்துபோன வரிசையாதலால் இனி ஒன்று கூடுவதற்கில்லை. தாள் பணத்தின் கதையோ கடலுக்கடியில் சென்றது. லண்டனில் அச்சிட்ட நிஜாம் அரசின் தாள்களை ஏற்றி வந்த 'எஜிப்டு' என்னும் கப்பல், 1922 மே 20-இல் பிரெஞ்சுக் கரைக்கப்பால் மூடுபனியில் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. 1930-களில் இத்தாலிய முக்குளிப்போர் அதன் பொன்னை மீட்கையில் அத்தாள்களும் சில வெளிவந்து, சேகரிப்போரின் கைகளில் உலவுகின்றன. செலாவணிக்கு வராமலே விலைபெற்ற பணம் அது.

நாணயத்தைப் பற்றி ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதனைத் தனியார் நாட்டிற்கு வெளியே அனுப்ப முடியாது. அதில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். இதன் பொருளாதார விளைவை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம். நிஜாமின் 1911-ஆம் ஆண்டு ரூபாய்க்கு நியூயார்க்கில் எவ்வளவு ஆசை இருந்தாலும் அது இங்குள்ள விலையைத் தாங்க வராது. இந்திய வருமானம் சுருங்கினால் அதன் விலையும் சுருங்கும். ஆண்டுக்கு ஓர் ஆண்டாக அந்தக் கோடு முன்னேறிக்கொண்டே வருகிறது. நேற்றுப் பழைய காசாக இருந்தது இன்று தொல்பொருளாகிவிடுகிறது.

மந்த காலத்தில் மலியும் மற்றொன்று மோசடி. பெட்டியைக் கண்ட பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர், மாதா வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயம் லட்சக்கணக்கில் போகிறதென்று கைபேசியில் கண்டதாகச் சொன்னார். அந்நாணயம் 2012-இல் நினைவு வெளியீடாக வந்தது, சாதாரணமாகக் கிடைப்பது. 'முன்பணம் செலுத்துங்கள், உங்கள் காசை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொள்ளும்' என்ற செய்தியும் அவருக்கு வந்திருந்தது. ரிசர்வ் வங்கி அத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லையென்றும், அதற்காக எந்தக் கட்டணமும் தரகும் கேட்பதில்லையென்றும் 2021 ஆகஸ்டில் அவ்வங்கியே அறிவிக்க வேண்டியதாயிற்று. வேலையிழந்த வீடுகளில்தான் இந்தத் தூண்டில் அதிகம் பிடிக்கிறது. படித்தவர்களும் தப்பவில்லை, ஸ்பெயின் நாட்டில் தபால் தலையில் பணம் போட்டால் உறுதியான வருவாய் என்று சொன்ன இரு நிறுவனங்கள் 2006-இல் முடக்கப்பட்டபோது, பல லட்சம் குடும்பங்களின் சேமிப்புச் சிக்கியது.

அம்மையாரிடம் நாம் சொன்னது இதுதான்: தங்கத்துக்குச் சமம் என்று ஐயா சொன்னது அன்பினால் சொன்னது. பத்துக் கிராம் பொன் இப்போது 55,000 ரூபாயைக் கடந்து நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு போனால் எந்த வங்கியும் ஒரு மணி நேரத்தில் கடன் தரும். அதன் மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை தரலாமென்று இம்மாதந்தான் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ஆல்பத்தை அடகு பிடிக்க எந்த வங்கியும் இல்லை. ஆகவே வளையல் இருந்தால் வளையலை வையுங்கள். ஆல்பத்தை இப்போது விற்காதீர்கள்.

வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவர் வாங்கிக் கொடுத்தது இதுவும்தானே, தம்பி" என்றார். பிறகு, "இது திரும்பி வரும்; அது போனால் போனதுதான்" என்று தாமே சொல்லிக்கொண்டார். கட்டணம் வளையலின் பேரில் கட்டப்பட்டது.

எழுந்து செல்லும்போது, "இன்னும் ஏழு காசு பூஜையில் இருக்கிறது, அதையும் பார்க்கிறீர்களா?" என்று கேட்டு, மறுநாள் மகனிடம் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமைதோறும் புளியிட்டுத் தேய்த்து மஞ்சள் குங்குமம் இட்டமையால் அவை முகம் பார்க்கும் பளபளப்போடு இருந்தன. சார்மினாரின் வாயிலில் எழுத்து இருந்த இடம் வழுவழுப்பாகிவிட்டது. நாணயத்தின் மேல் காலம் படியவைக்கும் கருமையைச் சேகரிப்போர் தோல் என்றே மதிக்கின்றனர். அதை உரித்துவிட்டால், நல்ல காலத்திலும் மந்த காலத்திலும் அந்நாணயத்திற்கு வெள்ளியின் விலைதான்.

2022-இல் மகனுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. அவ்வாண்டின் கோடையிலேயே வளையல்கள் வீடு திரும்பின. இரட்டைப் பிரதிகளாயிருந்த நினைவுத் தலைகளை மட்டும் கூடிவந்த விலைக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் சைபாபாத்திலுள்ள பழைய நாணயச் சாலைக் கட்டிடத்தில் ஓர் அரும்பொருட்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. நிஜாமின் ரூபாய்கள் அடிக்கப்பட்ட சாலை அது. பேத்தி தாத்தாவின் காகித உறைகளை எடுத்துச் சென்று, அங்குள்ள நாணயங்களோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து வந்தாள். இரண்டு உறைகளில் 'அரை ஐன்' என்று தாத்தா எழுதியதன் அருகே கேள்விக்குறி இட்டிருக்கிறாள். புளியிட்டுத் தேய்த்த அந்த ஏழு ரூபாய்களும் பெட்டிக்குத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூஜையறைத் தட்டில்தான் இருக்கின்றன.